வேர்ச்சொல்லில் தஞ்சம்

'பறை என்றால் பேசு என்று அர்த்தம். ஆகவே பறையன் என்றால் பேசுகிறவன், உண்மையை முதலில் பேசியவன்.' இந்த இரண்டு வரியை முதலாக வைத்து நம் சிறுபத்திரிகைச் சூழலில் ஒரு குடிசைத் தொழில் நடந்துகொண்டிருக்கிறது. கவிதைத் தொகுதிகளின் முன்னுரைகளில் இது வருகிறது. கருத்தரங்கு மேடைகளில் வருகிறது. பறையைக் கையால் தொட்டிராத கவிஞர் தன் எழுத்தே பறை என்று அறிவிக்கிறார். விமர்சக நண்பர் அதற்கு அகராதியைப் புரட்டி ஒரு ஆமோதிப்பு எழுதுகிறார். நூற்றாண்டுகளாக ஒட்டியிருந்த இழிவு ஒன்று அன்று மாலை துடைக்கப்பட்டுவிட்டதாக இருவரும் திருப்தியோடு வீட்டுக்குப் போகிறார்கள். இந்தத் திருப்தி போலியானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பறைதல் என்கிற வினை தமிழில் இருக்கிறது. அதற்குச் சொல்லுதல் என்று பொருள். இதில் தகராறில்லை. ஆனால் அகராதியில் அதே பக்கத்தில் வேறு பொருள்களும் இருக்கின்றன. பறை என்றால் தோற்கருவி. பறை என்றால் பறவையின் சிறகு, பறத்தல். பறை என்றால் ஒரு முகத்தலளவை; கேரளத்தில் பத்து இடங்கழி கொண்டது ஒரு பறை நெல். கலியாண வீட்டு முற்றத்தில் நெல் நிரப்பித் தென்னம்பாளை செருகி வைக்கிறார்களே, அந்தப் பறை. இத்தனை இருக்கையில் நம் கவிஞருக்குப் பேச்சு மட்டும்தான் கண்ணில் படுகிறது. கூலி நெல்லாக அளக்கப்பட்ட ஒரு ஜனத்தைப் பற்றிப் பேசும்போது நெல்லளக்கும் மரப்பாத்திரம் ஏன் அவர் நினைவுக்கு வருவதில்லை? காரணம் எளிது. பேச்சு என்பது எழுத்தாளனின் சொந்தச் சரக்கு. அதைப் பறையின் வேரில் கண்டெடுத்துவிட்டால், பறையடிப்பவனும் தானும் ஒரே ஜாதி என்று எந்தச் செலவுமில்லாமல் சொல்லிக்கொள்ளலாம். நெல்லைக் கண்டெடுத்தால் கணக்குக் கேட்பார்கள்.

வேர்ச்சொல்லுக்கு ஒரு சொல்லின் சமூக அர்த்தத்தை மாற்றும் சக்தி உண்டா? இதற்குச் சோதனைக்கூடம் தேடி அலைய வேண்டாம். மலையாளிக்குப் 'பறயுக' என்பது காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை புழங்குகிற சொல். பேசுவதற்கு அவனிடம் இருக்கும் சாதாரண வினையே அதுதான். அந்த நாட்டில் பறையர் என்ற பெயரும் இருந்தது; தீண்டாமையும் இருந்தது; நிலத்தோடு சேர்த்து ஆளை விற்கிற அடிமை முறையும் இருந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதுவரை அந்த வினைச்சொல் நாள்தோறும் கோடி முறை உச்சரிக்கப்பட்டிருக்கும். ஒரு மனிதனையும் அது விடுதலை செய்யவில்லை.

மலையாளம் வேறு பாஷை என்பவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வரலாம். அங்கே 'சும்மா பறையாதை' என்று தாய் பிள்ளையை அதட்டுவாள். பறைதல் அங்கே வீட்டுச் சொல், அடுப்படிச் சொல். அதே மண்ணில் பறைமேளம் அடித்தவர்கள் ஊர் விளிம்பில் வைக்கப்பட்டார்கள். ஒடுக்கப்பட்ட ஜாதியார் கோயிலுக்குள் நுழைய முயன்று 1968இல் மாவிட்டபுரத்தில் பெரும் போராட்டம் நடந்தது. வாசலை மறித்து நின்றவர்களும் வீட்டில் 'பறைந்து'கொண்டிருந்தவர்கள்தான். வேர் அவர்கள் நாக்கிலேயே இருந்தது. கதவு திறக்கவில்லை.

*

சரி, இந்தச் சொல்லுக்கு இழிவு எங்கே வந்து ஒட்டியது? வேரிலா, தோலிலா?

தொல்காப்பியம் நிலங்களின் கருப்பொருள்களை வகுக்கையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு பறையையும் வைக்கிறது. யாழுக்குச் சமமான இடம். பின்வந்த அகப்பொருள் இலக்கணங்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று நிலத்துக்கு நிலம் பெயர் சொல்கின்றன. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை அடுக்கும்போது மத்தளம், முழவு, தண்ணுமையோடு சிறுபறை, பெரும்பறை, கணப்பறை, நாழிகைப்பறை என்றும் சொல்லிப் போகிறார். அவருக்கு அந்தச் சொல்லில் ஒரு கூச்சமும் இல்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறைப் பருவம் என்றே ஒரு பகுதி உண்டு. குமரகுருபரர் தன் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழில் முருகக் குழந்தையின் கையில் ஒரு பறையைக் கொடுத்து அடிக்கச் சொல்கிறார். கடவுளின் கையில் பறை இருந்தால் தமிழ்ப் புலவனுக்கு ஆட்சேபணை கிடையாது.

மணத்துக்கும் பிணத்துக்கும் ஒரே சொல்தான் இருந்தது. ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைப் பார்த்துப் படைத்தவனையே வைகிற புறநானூற்றுப் பாட்டை (194) எல்லோரும் அறிவர். மணப்பறையாக ஒலித்தது அன்றைக்கே பிணப்பறையாக மாறிவிடுவதை நாலடியார் காட்டுகிறது. பிறகுதான் மணவீடு நாகசுரத்துக்கும் தவிலுக்கும் 'மங்கல வாத்தியம்' என்ற பட்டத்தோடு ஒதுக்கப்பட, பல ஊர்களில் பறை சாவு வீட்டோடு நிறுத்தப்பட்டது. தவிலிலும் தோல்தான்.

தோலைப் பற்றியே பேசுவோம். மிருதங்கம் என்ற சொல்லைப் பிரித்தால் மண்ணுடல் என்று வரும். பலாமரத்தைக் குடைந்துதான் அதைச் செய்கிறார்கள். மண் அதில் எங்கேயும் இல்லை. வேர் பார்த்து யாரும் அதைக் குயவருக்குச் சொந்தமாக்கவில்லை. அதன் வாயில் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் போர்த்தப்படுகின்றன. அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். இதை விரிவாக எழுதிய டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தக வெளியீட்டுக்கு 2020இல் கலாக்ஷேத்ரா கொடுத்திருந்த அரங்க அனுமதி திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். அதே பசுவின் தோல் சபா மேடையில் நாதம், தெருவில் தீட்டு. ஆக, இழிவு தோலில் இல்லை. வேரிலும் இல்லை. எந்தக் கை அடிக்கிறது, அந்தக் கையை எங்கே நிற்க வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. கையைப் பற்றிய பிரச்னையைச் சொல்லாராய்ச்சியால் தீர்க்கப் பார்ப்பது, பல்வலிக்குப் பல் என்ற சொல்லின் வரலாறு படிப்பதைப் போன்றது.

*

இந்தத் துடைப்பு வேலையை நம் நவீனக் கவிஞர்கள் கண்டுபிடித்ததாகவும் நான் நினைக்கவில்லை. வைஷ்ணவ வியாக்கியானக்காரர்கள் இதை முன்பே செய்து முடித்துவிட்டார்கள், இவர்களைவிட நேர்த்தியாக.

திருப்பாவையின் முதல் பாசுரத்திலேயே பறை வந்துவிடுகிறது. நாராயணன் நமக்குப் பறை தருவான் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பெண்கள் குளிருக்குள் கிளம்புகிறார்கள். இருபத்தாறாம் பாசுரத்தில் சங்கு, விளக்கு, கொடி, விதானம் என்று நோன்புக்கு வேண்டிய சாமான்களைக் கேட்கும்போது பெரிய பறைகளையும் கேட்கிறார்கள். இங்கே பறை ஸ்தூலமான பொருள். கையில் வாங்கித் தோளில் மாட்டக்கூடியது. இருபத்தொன்பதாம் பாசுரத்தில்தான் ஆண்டாள், இன்றைக்கு ஒரு பறையை வாங்கிக்கொண்டு போக நாங்கள் வரவில்லை என்று திருப்புகிறாள். எத்தனையோ பாசுரம் அந்தக் கருவியைக் கேட்டுக் கேட்டுப் பெற்ற உரிமை அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. அது கவிதை. வியாக்கியானம் என்ன செய்தது? கடைசியில் வந்த திருப்பத்தை முதல் பாசுரத்துக்கே கொண்டுபோய், பறை என்பது ஒரு வியாஜம், கேட்பது கைங்கர்யம் என்று ஆரம்பத்திலேயே தோலை உரித்துவிட்டது. மார்கழி தோறும் அக்கிரகாரத்து வீடுகளில் பறை வேண்டும் என்று விடியலில் பாடினார்கள். பறையடிக்கிறவன் அந்தத் தெருவில் நுழைய முடியாதிருந்த காலத்திலும் பாடினார்கள். பாடியவர்களுக்கு முரண்பாடே தெரியவில்லை. அர்த்தத்தைத்தான் ஏற்கெனவே மாற்றிக் கொடுத்துவிட்டார்களே.

'பறை என்றால் பேச்சு' என்பவர் செய்வதும் அச்சாக இதுவே. கைங்கர்யம் இருந்த இடத்தில் பேச்சை வைத்திருக்கிறார். இரண்டிலும் காணாமல் போவது ஒன்றேதான்: மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோலும், அதை நெருப்பில் காய்ச்சுகிற ஆளும்.

பேச்சு என்றே வைத்துக்கொள்வோம். யாருடைய பேச்சு? இந்தக் கேள்வியை இவர்கள் கேட்பதேயில்லை. மணிமேகலையின் முதல் காதையே விழாவறை காதை. யானைமேல் முரசேற்றி இந்திர விழாவைப் புகாருக்கு அறிவிக்கிறவன் சொல்வது அவனுடைய பேச்சு இல்லை, அரசின் பேச்சு. பறையறைதல் என்பதன் வரலாறு பெரும்பாலும் இதுதான்: ஒருவன் அடிக்கிறான், இன்னொருவனின் உத்தரவு ஊருக்குப் போய்ச் சேர்கிறது. வள்ளுவர் பறையைப் பேச்சோடு சேர்த்து உவமை சொல்கிற இடங்களைப் பாருங்கள். கேட்ட ரகசியத்தைச் சுமந்துபோய்ப் பிறரிடம் கொட்டுகிற கயவனுக்கு அடிபடும் பறை உவமை (1076). மனத்தில் உள்ளதை ஊருக்குக் காட்டிக்கொடுக்கும் கண்ணுக்கும் அதுவே உவமை (1180). அடித்தால் ஒலிக்கும், தனக்கென்று சொல்ல எதுவும் இல்லாதது என்பது அந்த உவமையின் உள்ளே கிடக்கிற எண்ணம்.

தமுக்கும் தண்டோராவுமாக இது நம் காலம்வரை வந்தது. வரி கட்டாதவன் வீடு ஜப்தி, ஏரி மீன் ஏலம், நாளைக்குக் கிராமசபை என்று ஊர் தெருக்களில் கத்திக்கொண்டு போனவர் தன் குறையை ஒரு நாளும் அந்தத் தோலில் அடித்துச் சொன்னதில்லை. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் அன்றைய தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா போடுவதை நிறுத்தி வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். அரசாங்கத்துக்கே கூச்சமாகிப்போன ஒரு வேலையைத்தான் நம் கவிஞர் 'ஆதிப் பேச்சு' என்று கொண்டாடுகிறார்.

*

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். அயோத்திதாசரும் இந்த வேரைப் பிடித்தவர்தானே? பொய்யை வெளிப்படையாகப் பறைந்த பௌத்தர்களுக்குப் பகைவர்கள் இட்ட பெயர் அது என்று அவர் எழுதவில்லையா?

எழுதினார். எந்த இடத்திலிருந்து எழுதினார் என்று பார்க்க வேண்டும். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று பத்திரிகை தொடங்கியவர், தன் மக்களுக்கு ஒரு சரித்திரமே இல்லை என்று சொல்லப்பட்டபோது ஒரு முழுச் சரித்திரத்தைக் கட்டி எழுப்பினார். சொல்விளக்கம் அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல். தவிரவும் அந்தப் பெயரை நியாயப்படுத்தி வைத்துக்கொள்ள அவர் அதைச் செய்யவில்லை. அது பகைவன் கொடுத்த பெயர், வேண்டாம் என்று தள்ளுவதற்குச் செய்தார். அவர் வேண்டியது பூர்வ பௌத்தர் என்ற பெயர். அவருடைய சமகாலத்தவரான இரட்டைமலை சீனிவாசன் நேர் எதிராக, வசையாக இருந்த பெயரையே 1893இல் 'பறையன்' என்று பத்திரிகைத் தலைப்பில் அச்சடித்தார். எம்.சி. ராஜா 1922இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசாங்கப் பதிவேடுகளில் ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தார். ஒரே சொல்லை ஒருவர் தள்ளினார், ஒருவர் தலையில் சூடினார், ஒருவர் சட்டத்தால் மாற்றினார். மூவருக்கும் அதில் பணயம் இருந்தது. நம் கவிஞருக்கு என்ன பணயம்? அகராதி விலையா?

சொல்லாராய்ச்சியே சீராக நிற்கவில்லை என்பதும் உண்டு. கால்டுவெல் பறை என்ற கருவியிலிருந்து ஜாதிப் பெயரை வருவித்தார். பறையரில் ஒரு பகுதியினர்தான் பறையடிப்பவர்கள், அந்தத் தொழிலும் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று 1891 சென்னை மாகாணக் குடிக்கணக்கு அறிக்கையில் ஸ்டூவர்ட் மறுத்தார். பெரும்பாலோர் செய்தது உழவு வேலை. புறநானூற்றில் (335) பறையன் ஒரு குடிப்பெயராக வருகிறான். துடியனும் பாணனும் கடம்பனும் அவனோடு இருக்கிறார்கள். இவர்களைத் தவிர வேறு குடி இல்லை என்கிறார் மாங்குடி கிழார். இழிவு தொனிக்காத இடம். அங்கிருந்து சேரிக்கு வந்த பாதை நிலத்தின் வரலாற்றில், கோயில் சொத்தின் வரலாற்றில், ஊர்க்காவலும் பிணம் சுடுவதும் யார் தலையில் எப்படி விழுந்தன என்பதில் இருக்கிறது. அதைத் தேடுவது கஷ்டமான வேலை. வேர்ச்சொல் தேடுவது சாய்வு நாற்காலி வேலை.

இன்னொரு பிரயாணத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் இலக்கிய வட்டத்தின் பெருமை அதில் சிக்கியிருக்கிறது. நம் சொல் ஐரோப்பியர் காதில் 'பரையா' ஆகிக் கப்பலேறியது. 1791இல் பெர்னார்தின் த சேன்-பியர் ஒரு குறுநாவலில் இந்தியப் பரையாவை, நாகரிகத்தால் கெடாத ஞானியாக்கினார். மாக்ஸ் வெபர் யூதர்களைப் பரையா மக்கள் என்றார். ஹன்னா அரெண்ட் 1944இல் அதை எடுத்து, ஒதுக்கப்பட்டவனின் சுதந்திரம் பற்றிக் கூர்மையான கட்டுரை எழுதினார். அவர் அகதி, அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த விலை உண்மையானது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் தமிழுக்கு இறக்குமதி செய்து, தன் புத்தகம் முந்நூறு பிரதிதான் விற்கிறது என்பதற்காகத் 'தான் ஒரு பரையா' என்று எழுதிக்கொள்கிற தமிழ் எழுத்தாளரை என்னவென்பது? போன சொல் திரும்பி வரும்போது ஊரையும் தெருவையும் ஐரோப்பாவிலேயே இறக்கிவிட்டு வந்திருக்கிறது. நாம் ஒதுக்கப்பட்டவர்கள் இல்லை, கவனிக்கப்படாதவர்கள். இரண்டுக்கும் உள்ள தூரம், தனி டம்ளரில் டீ குடித்தவனைக் கேட்டால் தெரியும்.

*

பறையைப் பற்றி எழுதவே கூடாதா என்று கேட்பார்கள். எழுதட்டும். கருவியைப் பார்த்துவிட்டு எழுதட்டும். மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி இணைத்த சட்டம். புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல். இடக்கையில் நீளமும் மெலிவுமான மூங்கில் குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. வைக்கோலோ ஓலையோ கொளுத்திக் காய்ச்சினால்தான் தோல் இறுகிக் குரல் எழும்பும். ஈரக்காற்றில் மறுபடி தொய்யும், மறுபடி காய்ச்ச வேண்டும். சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, மாடுபிடிக்கு ஓர் அடி. தஞ்சைப் பக்கம் இதற்குப் பெயர் தப்பு. உடனே 'தப்பு என்றால் பிழையா?' என்று ஒரு கவிதை கிளம்பும். வேண்டாம். துணியைக் கல்லில் தப்புகிறோம். அடிப்பதற்கு அப்படியும் ஒரு வினை உண்டு. சிலேடை செய்ய அவசரப்படுகிறவனுக்குச் சாதாரண வினைச்சொல் காதில் விழுவதில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிட்டு எழுதட்டும். இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அதற்காக அடிபட்டவர்களும் உண்டு. அதே பறையைக் கலையாக மேடைக்கு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அதைத் தோளில் மாட்டி ஆடினார்கள். மதுரையின் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கீழே வைத்தவரும் மேலே எடுத்தவரும் ஒருவருக்கொருவர் உடன்படாமல் இருக்கலாம். அந்தச் சச்சரவு அவர்களுடையது, உயிருள்ளது. சொல்லின் அர்த்தம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறதென்றால் அங்கேதான் மாறுகிறது: அடிக்க மறுக்கிற கையிலும், தன் விருப்பத்துக்கு அடிக்கிற கையிலும். ஒருவரும் அகராதியிடம் அனுமதி கேட்கவில்லை.

ஆகவே பத்திரிகை நடத்தும் நண்பர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். 'பறை என்றால் பேச்சு' என்று தொடங்கும் அடுத்த கட்டுரை வந்தால், திருப்பி அனுப்பும்போது மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊரில் பறையடிப்பவர் யார்? கடைசியாக எதற்கு அடித்தார்? கூலி எவ்வளவு, அதை அவர் கையில் கொடுத்தார்களா, தரையில் வைத்தார்களா? பதில் தெரிந்துகொண்டு வரட்டும். அதன்பிறகு வேரைப் பற்றி அவர் எழுதினாலும் நான் படிப்பேன்.